சின்னச் சாவி என்ற எலும்பு

வளர்ந்த மனிதனின் உடலில் எலும்புகள் இருநூற்றாறு. எங்கள் கூடத்துக்கு நான் எழுத வேண்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் அதைவிடக் குறைவு. இடது, வலது என்று ஜோடியாக வருபவற்றுக்கு ஒரே சீட்டு போதும். விலா எலும்புகளுக்கு மொத்தமாக ஒன்று, விரல் எலும்புகளுக்கு மொத்தமாக ஒன்று. ஆக எத்தனை சீட்டு என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவையும் வேறு வேறு தொகை வந்தது. நாக்குக்கு அடியில் எந்த எலும்போடும் ஒட்டாமல் தனியாகத் தொங்குகிற ஒரு சிறு எலும்பை ஒரு தடவை சேர்த்தும் ஒரு தடவை விட்டும் எண்ணியிருக்கிறேன். இது இப்போது யாருக்கும் முக்கியம் இல்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. படம் வரைவதும் சீட்டு எழுதுவதும். கறுப்பு மசி, பட்டை முனைப் பேனா, கெட்டி அட்டை. கடற்காற்றின் ஈரத்தில் அட்டை நமுத்துப்போய் மசி பரவிவிடும். காலை பதினோரு மணிக்கு மேல், பிற்பகல் மூன்று மணிக்குள் எழுதினால்தான் எழுத்து எழுத்தாக நிற்கும். மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக் குடுவைகளைத் துடைப்பது, கவலைப்படுவது.

அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் லத்தீன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் லத்தீன் படித்தேன். இதனால் என்ன பிரயோசனம் என்று அப்போது வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

ஒரு நாள் துறைத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். எலும்புக் கூடத்தை ஒரு வாரம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போவதாகச் சொன்னார்.

"வெறும் பேரு மட்டும் எழுதினா யாருக்குப் புரியும்? லத்தீன் பேரு, தமிழ்ப் பேரு, அதுக்குக் கீழ ஏன் அந்தப் பேரு வந்துதுன்னு ஒரே ஒரு வரி. தமிழ்ல. ஸ்கூல் பிள்ளைங்க வருவாங்க."

என் வாழ்க்கையில் எனக்குக் கொடுக்கப்பட்ட மிக நல்ல வேலை அதுதான். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு டிபியா, லத்தீனில் புல்லாங்குழல். அதை ஒட்டி நிற்கும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. துணியைக் குத்தி மாட்டுகிற ஊக்கு. முழங்கால் சில் பதெல்லா, சின்னத் தட்டு. இடுப்பெலும்புக் கூடு பெல்விஸ். கை கழுவும் பாத்திரம். உள்காதில் சுருண்டிருக்கும் காக்லியா, நத்தை. பழங்காலத்து ரோமாபுரிக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாமான்கள் முழுவதையும் தூக்கி உடம்புக்குள் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு நாளைக்கு நாலு சீட்டு, ஐந்து சீட்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. கிளாவிகுலாவில் வந்து நின்றுவிட்டது.

கிளாவிகுலா என்பது கழுத்துக்குக் கீழே, மார்பெலும்பிலிருந்து தோள் வரை இரண்டு பக்கமும் குறுக்கே போகிற எலும்பு. தமிழில் காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் அணிகிற கெட்டியான வளையம். அது எங்கே படிகிறதோ அந்த இடத்து எலும்பு. இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் லத்தீனில் கிளாவிஸ் என்றால் சாவி. கிளாவிகுலா என்றால் சின்னச் சாவி. அவர்களுக்கு முன்னாலேயே கிரேக்கர்கள் இந்த எலும்பைச் சாவி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். லத்தீன்காரர்கள் அதை எடுத்துச் 'சின்ன' என்று சேர்த்துக்கொண்டார்கள். எந்தச் சாவி? என் சட்டைப் பையில் மூன்று சாவிகள் இருந்தன: பீரோவுக்கு, சைக்கிளுக்கு, வீட்டுப் பூட்டுக்கு. எலும்பை மேஜையில் வைத்துப் பக்கத்தில் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். எலும்பு என் கைச்சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பாதி முன்னால் வளைகிறது, மறுபாதி பின்னால் வளைகிறது. தலையும் இல்லை, பல்லும் இல்லை. சாவி என்று பள்ளிப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

நூலகத்தில் கரையான் பாதி தின்ற லத்தீன்-பிரெஞ்சு அகராதி ஒன்று இருந்தது. தின்னாமல் விட்ட பக்கங்களில் அதிர்ஷ்டவசமாக இந்தச் சொல் இருந்தது. கிளாவிகுலா என்றால் சின்னச் சாவி, திராட்சைக் கொடியின் பற்றுச் சுருள், கதவின் தாழ், படைவீட்டு வாசலுக்கு முன்னால் வளைத்துக் கட்டுகிற மண்கரை. இது போதாதென்று, ரோமாபுரிப் பிள்ளைகள் வளையத்தை உருட்டி ஓட்டுகிற வளைந்த கோலுக்கும் கிளாவிஸ் என்று பெயராம். எலும்புக்குப் பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. முதலியார்பேட்டைத் தெருக்களில் பையன்கள் சைக்கிள் வளையத்தைக் கம்பியால் தள்ளிக்கொண்டு ஓடுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்தக் கம்பிக்குக்கூடக் கொஞ்சம் ஜாடை இருந்தது. ஆனால் எனக்குத் தேவை ஒரே வரி. ஐந்து பொருளையும் வைத்துக்கொண்டு எந்த ஒன்றை எழுதுவது? ஒன்பது அட்டைகள் வீணாயின. எலும்பை மேஜைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு அடுத்த எலும்புக்குப் போனேன்.

அந்த ஆனி மாதக் கடைசியில் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் குழந்தை. பெண்.

பெரிய குழந்தை. தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டதாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தரைக்கற்களை எண்ணிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது நான் செய்த முதல் காரியம் விரல்களை எண்ணியது. கை பத்து, கால் பத்து. பிறகுதான் கவனித்தேன். இடது கை ஆடிக்கொண்டே இருந்தது. வலது கை உடம்போடு ஒட்டி, வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

குழந்தைகள் டாக்டர் ஓர் அம்மாள். குழந்தையின் தலையைச் சற்றுத் தூக்கிச் சட்டென்று தன் உள்ளங்கையிலேயே தாழ விட்டார். குழந்தை திடுக்கிட்டு இடது கையை வானத்துக்கு விரித்தது. வலது கை அசையவில்லை. எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"காலர் போன் ஒடஞ்சிருக்கு. தோள் மாட்டிக்கிட்டா இது நடக்கறதுதான். பயப்படாதீங்க, பச்சக் குழந்தைக்குச் சீக்கிரம் கூடிடும்."

"கை அசையவே இல்லையே டாக்டர்?"

"ரெண்டு காரணம் இருக்கலாம். எலும்பு வலிக்குதுன்னு அசைக்காம வெச்சிருக்கலாம். இல்ல, இழுக்கும்போது கழுத்து நரம்பும் சேந்து இழுபட்டிருக்கலாம். எக்ஸ்ரேல எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. ஒரு மூணு வாரம் போகட்டும். எலும்பு மட்டும்னா கை தானா மேல வந்துடும்."

"வரலைன்னா?"

"அப்ப பாப்போம்."

காலர் போன். காறை எலும்பு. என் மேஜைப் பெட்டியில் சீட்டு இல்லாமல் கிடந்த அதே எலும்பு. குழந்தையினுடையது தீக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. படத்தில் அதன் நடுவில் ஒரு வெட்டு தெரிந்தது.

வலது சட்டைக் கையை மார்போடு சேர்த்து ஊக்கு போட்டு வைக்க வேண்டும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தூளியில் போடக் கூடாது, மல்லாக்கப் பாயில் போட வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். இதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "இதுல எழுத என்ன இருக்கு?" என்று டாக்டர் சிரித்தார்.

எழுதிக் கொடுத்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. பிரசவத்துக்குப் பிறகு மனைவியும் குழந்தையும் முதலியார்பேட்டையில் மாமனார் வீட்டில் இருந்தார்கள், நானும் அங்கேயே தங்கினேன். மாமனார் மில்லில் நூற்புப் பகுதியில் இருந்தார். மாமியார் மூன்று பெற்றவர். தெருவில் பிறந்த பாதிக் குழந்தைகளைக் குளிப்பாட்டியவர். தூளியில் போடாத குழந்தையை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

"ஒடஞ்சதும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. புள்ளைக்கு உரம் விழுந்திருக்குது" என்றார்.

பச்சைக் குழந்தைக்குக் கழுத்திலோ தோளிலோ பிசகிக்கொள்வதை எங்கள் பக்கத்தில் உரம் விழுவது என்பார்கள். அதற்கு வைத்தியம், பழைய புடவையில் குழந்தையைப் போட்டு இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு உருட்டி எடுப்பது. நிறையக் குழந்தைகள் அதில் அழுகையை நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு எலும்பு உடைந்திருக்கவில்லை.

"அத்தை, எலும்பு ரெண்டா இருக்குது. படத்துல நானே பாத்தேன்."

"கல்யாணப் படத்துல நான் கூடத்தான் செவப்பா இருக்கறேன். குருசுக்குப்பத்துல ஒரு பொம்பள இருக்குது. புடவையில போட்டு நாலு உருட்டு உருட்டுச்சுன்னா சாயங்காலமே கையத் தூக்கிடும் புள்ள."

"உருட்டினா எலும்பு குத்தி நரம்பு போயிடும் அத்தை."

"இவரு எலும்பு ஆபீசுல வேல பாக்கறாரு, இல்ல? அங்க இருக்கறதெல்லாம் செத்தவங்க எலும்பு மாப்ள. இது உசுரோட இருக்கற புள்ள."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஒடம்பு என்னுது, புள்ள என்னுது. பேச்சு மட்டும் உங்களுதா? கொஞ்சம் சும்மா இருக்கறீங்களா?"

மாமனார்தான் ஒரு வழி சொன்னார். மில்லில் எத்தனையோ தகராறுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுந்தவர். "ஆடி மூணாம் வெள்ளி நம்ம கோயில்ல கூழு ஊத்தறோம். அதுவரைக்கும் மாப்ள சொல்றபடி. கை வரலையா, மறுநாளே உன் இஷ்டப்படி குருசுக்குப்பம் போ. ரெண்டு பேரும் சரின்னு சொல்லுங்க."

மாமியார் சரி என்றார். நானும் சொன்னேன். டாக்டர் சொன்ன மூன்று வாரமும் கிட்டத்தட்ட அந்த வெள்ளிக்கிழமைதான் முடிகிறது என்று விரலை மடக்கிப் பார்த்திருந்தேன். ஆனால் நரம்பாக இருந்துவிட்டால்? கையும் வராது, குழந்தை புடவைக்குள்ளும் உருளும்.

பதினாறு நாள் வரை புதுச்சட்டை போடக் கூடாது என்று பக்கத்து வீட்டிலிருந்து நைந்த சட்டை ஒன்று வாங்கி வந்தார்கள். அதில் ஊக்கு போட்டோம். ஊக்கு குத்திவிடுமோ என்று அதன் மேல் ஒரு துணிப்பட்டை வைத்துத் தைத்தேன். மாமியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் திட்டாமல் போவது நல்ல அறிகுறி.

மில் சங்கு ஊதும் நேரங்களில் நான் வீட்டில் இருந்தால் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். சங்கு ஊதியதும் குழந்தை திடுக்கிடும். இடது கை விரியும். வலது தோள் சட்டைக்குள் அசைந்ததா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். அசைந்தது போலவும் இருக்கும், அசையாதது போலவும் இருக்கும். "நீங்க பாக்கற பார்வையிலேயே புள்ள பயந்துக்கும், அந்தாண்ட போங்க" என்பாள் மனைவி.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, நான் வேலையிலிருந்து வந்ததும் அவள் என் விரலைப் பிடித்துக் குழந்தையின் காறை எலும்பின் மேல் வைத்தாள்.

"ஏங்க, இங்க தொட்டுப் பாருங்க."

கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. கெட்டியாக, உருண்டையாக. காலையில் இல்லை என்றாள். எனக்கு இருந்தது என்றே தோன்றியது. நாம்தான் கவனிக்காமல் விட்டோம் என்று சண்டை பிடித்தேன். ரிக்ஷா பிடித்துக்கொண்டு ஓடினோம். மாமியார் வாசலில் நின்று, "சொன்னா கேட்டாத்தான? இப்ப கட்டி வேற கட்டிக்கிச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

டாக்டர் கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். குழந்தை அழவில்லை.

"அழலை பாருங்க. முந்தி இங்க தொட்டா கத்தும். எலும்பு கூடிட்டிருக்கு. கூடற எடத்துல சுத்தி இப்படித்தான் எலும்பு வெச்சு அப்பிக்கும். அப்புறம் தேஞ்சு தேஞ்சு காணாமப் போயிடும். இந்தக் கட்டி வரலைன்னாதான் நான் கவலப்படணும்."

"அப்ப கை?"

"கைக்கு இன்னும் டைம் இருக்கே."

திரும்பி வரும்போது ரிக்ஷாவில் என் மனைவி சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். "கட்டி வரலைன்னாதான் கவலைன்றாங்க. உங்களுக்கு வந்தாலும் கவல, வரலைன்னாலும் கவல. டாக்டருக்கே படிச்சிருக்கலாம் நீங்க."

ஆடி இரண்டாம் வெள்ளி விடிகாலையில் மாமனார் என்னையும் கோயிலுக்குக் கூப்பிட்டார். மில் தெருக்காரர்களின் சின்ன அம்மன் கோயில். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கருவறைச் சாவி ஆளுக்கு ஒரு வருஷம் என்று வீடு வீடாகப் போகும். எந்த வீட்டில் சாவி இருக்கிறதோ அந்த வீட்டுக்காரர்தான் அந்த வருஷம் முழுவதும் கதவைத் திறந்து மூட வேண்டும். அந்த வருஷம் மாமனாரின் முறை. சாவி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாமி அலமாரிக்கு மேலே மஞ்சள் துணியில் சுற்றி நீளமாக ஏதோ வைத்திருந்தார்கள். நான் அதைக் குடைக்கம்பி என்று நினைத்திருந்தேன்.

கோயில் வாசலில் அவர் துணியைப் பிரித்தார். முழங்கை நீளத்துக்கு இரும்புக் கம்பி. ஒரு பக்கம் முன்னால் வளைந்து, மறுபக்கம் பின்னால் வளைந்து இருந்தது. தலை இல்லை. பல் இல்லை.

கையிலிருந்த பால் செம்பைக் கீழே வைத்துவிட்டேன், அதுவும் எல்லோரும் நடக்கிற வழியில்.

"மாமா, இதுவா சாவி?"

"பின்ன இன்னா, கடப்பாறையா? பழைய கதவு. உள்பக்கம் மரத்தாழு இருக்குது. ஓட்டை வழியா உட்டுத் தூக்கணும்."

"நான் ஒரு தரம் திறக்கட்டுமா?"

"குளிச்சீங்களா?"

"குளிச்சேன்."

"அப்ப தெறங்க. நெட்டுக்குத்தா உடாதீங்க. வளைவோட உடுங்க. ஆங். இப்ப திருப்புங்க. தூக்காதீங்க மாப்ள, திருப்புங்க. திருப்பினா அதுவே தூக்கும்."

கையைக் கதவில் வைத்துக் கம்பியை அதன் நீளவாக்கில் திருப்பினேன். உள்ளே ஏதோ கனமான ஒன்று மெதுவாக எழுந்தது. கதவு நகர்ந்தது.

ஊருக்கு ஊர் சாவி வேறாக இருந்தாலும், பழங்காலத்துச் சாவிகள் இந்த மாதிரி வளைந்த கம்பிகள்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கிரேக்கர்கள் கதவுக்கு வெளியே நின்று, ஓட்டை வழியாக இப்படி ஒன்றை விட்டுத்தான் உள்தாழை நகர்த்தியிருக்கிறார்கள். அவர்கள் அந்த எலும்பைப் பார்த்ததும் சாவி என்று சொன்னதில் வியப்பே இல்லை. நாம்தான் பூட்டைச் சின்னதாக்கிச் சாவியையும் சின்னதாக்கிவிட்டோம்.

ஆனால் அன்று கோயிலில் எனக்கு உறைத்தது வடிவம் மட்டும் இல்லை. கையைத் தோளுக்கு மேலே தூக்கும்போது காறை எலும்பு வெறுமனே மேலே போவதில்லை, தன் நீளவாக்கில் திரும்புகிறது என்று வகுப்பில் சொல்வதைப் பலமுறை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். இடது கை விரல்களை என் வலது காறை எலும்பின் மேல் வைத்துக்கொண்டு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். விரலுக்கு அடியில் எலும்பு உருண்டது. மறுபடியும் தூக்கினேன். மறுபடியும் உருண்டது. என் பின்னால் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, "பாவம், வேண்டுதல போல" என்றாள். இன்னொருத்தி, "எலும்பு ஆபீசுக்காரரு" என்றாள், அது ஏதோ நோயின் பெயர் போல.

வேண்டுதல் இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த எலும்பு இப்படித் திரும்பினால்தான் கை முழுவதுமாக மேலே போகும். உடைந்தது கூடிவிட்டது, திரும்புமா?

அடுத்த புதன்கிழமை நான் கல்லூரியிலிருந்து வந்து சைக்கிளைச் சாய்ப்பதற்குள் உள்ளே ஒரே கூச்சல். மாமனார் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி, வீட்டுக்கு வந்ததும் அவர் தினமும் ஒரு தும்மல் போடுவார். நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கும் போட்டிருக்கிறார். ஊக்கைக் கழற்றித் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரம்.

"ரெண்டு கையும்!" என்றாள் மனைவி. "ரெண்டு கையும் தூக்குச்சுங்க!"

"நீ பாத்தியா?"

"நானும் பாத்தேன், அம்மாவும் பாத்தாங்க."

"வலது கை எவ்வளவு தூரம்? தோளுக்கு மேலயா, கீழயா?"

"அளந்தா வெப்பாங்க?"

நான் பார்க்கவில்லை. இருபது நாளாகச் சங்கு சங்காக எண்ணிக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அது வந்தபோது ரோட்டில் சைக்கிளில் இருந்திருக்கிறேன். அவர்கள் சொன்னதை நம்பினேன். நம்பவும் முடியவில்லை. ஆசையில் பார்த்தால் எல்லாம் அசைவது போலத்தானே இருக்கும்.

"மாமா," என்றேன். "இன்னொரு தரம் தும்முங்க."

"இன்னா மாப்ள, தும்மல் இன்னா கொழாயா, தெறந்தா வர்றதுக்கு?"

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்."

அவர் நல்ல மனிதர். துண்டின் நுனியைத் திரித்து மூக்கில் விட்டுக்கொண்டார். கண் கலங்கியது, மூக்கு சிவந்தது, தும்மல் வரவில்லை. மாமியார் சமையலறையிலிருந்து மிளகாய்த்தூள் டப்பாவோடு வந்தார். "அடியே, ஆள முடிச்சுடாத" என்று அவர் பின்வாங்கினார். நாங்கள் மூன்று பேரும் குழந்தையை விட்டுவிட்டு அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தை பாயில் மல்லாக்கக் கிடந்தது, ஊக்கு இல்லாமல்.

"வருது" என்றார். வாயைத் திறந்து கூரையைப் பார்த்தார். "போயிடுச்சு" என்றார். நாங்கள் பெருமூச்சு விட்ட அந்த நொடியில் தும்மினார்.

நான் குழந்தை பக்கம் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை பார்த்தேன். இரண்டு கைகளும் ஒன்றாக மேலே போய், பத்து விரலும் விரிந்து, காற்றில் எதையோ பிடிக்கப் போவது போல நின்று, மெதுவாக மார்புக்கு இறங்கின. வலது கை இடதைவிடக் கொஞ்சம் தயங்கியது. ஆனால் தோளைத் தாண்டியது.

மாமியார் மிளகாய்த்தூள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அம்மன் குடுத்துட்டா" என்றார்.

"என் மூக்கு குடுத்துது" என்றார் மாமனார், துண்டால் துடைத்துக்கொண்டே.

மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். தலையைத் தூக்கிச் சட்டென்று உள்ளங்கையில் தாழ விட்டார். இரண்டும் விரிந்தன. "நரம்பு நல்லா இருக்கு, போங்க" என்றார். மூன்றாம் வெள்ளிக்கிழமை குருசுக்குப்பம் என்ற பேச்சே எழவில்லை. மாமியார் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு கூழ் ஊற்றுகிற இடத்துக்கே வந்தார். பம்பை அடிக்க ஆரம்பித்ததும் குழந்தை இரண்டு கைகளையும் தூக்கித் தூக்கிப் போட்டது. "புள்ளய பயமுறுத்தறானுங்க பாரு" என்று பம்பைக்காரர்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அவர்கள் பக்கமாகப் போய் நின்று, பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கையைக் காட்டினார்.

அந்தச் சீட்டை அடுத்த வாரம் எழுதினேன். 'கிளாவிகுலா. காறை எலும்பு. சின்னச் சாவி என்பது பொருள். பழைய கோயில் கதவுகளின் வளைந்த சாவியைப் போல இருப்பதாலும், கையைத் தூக்கும்போது அதைப் போலவே திரும்புவதாலும் இப்பெயர் என்பர்.' 'என்பர்' என்று போட்டது வேண்டுமென்றே. வடிவத்தால் பெயர் வந்தது என்கிறார்கள், திரும்புவதால் என்கிறார்கள், வளையம் உருட்டும் கோல் என்கிறார்கள். எது சரி என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இதை எழுதுகிற இன்றும் தெரியாது. ஒரு வரிக்குள் அடங்கவில்லை என்று துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தார். மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வேலையில் நான் அப்படிச் சொன்னது அது ஒரு தடவைதான்.

கண்காட்சி புரட்டாசியில் நடக்க வேண்டியது. வர்ணம் காயவில்லை, மழை வந்தது, இதற்கு அதற்கு என்று தள்ளிப்போய் மார்கழியில் திறந்தார்கள். கடைசி நாள் மாமனார் வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேஜையாக வந்தார். மண்டையோடுகளின் பக்கம் திரும்பவே இல்லை. காறை எலும்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். சீட்டைப் படித்துக் காட்டினேன்.

அவர் குனிந்து எலும்பைப் பார்த்தார். பிறகு தன் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்தார்.

"இம்மாந்துண்டுதானா? இதுக்கா அன்னிக்கு அந்த ஆட்டம் ஆடுனீங்க?"

"இது பெரியவங்களுது அத்தை. இவளுது இதுல கால் பங்கு கூட இல்ல."

"அப்ப இன்னும் மோசம்" என்றார்.

மேஜை மேலே உள்ள பொருள்களைத் தொடக் கூடாது என்று நான்தான் பெரிய எழுத்தில் எழுதி நாலு இடத்தில் ஒட்டியிருந்தேன். அவர் இடுப்பிலிருந்த என் பெண் குனிந்து, வலது கையை நேராக நீட்டி, சீட்டின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்தது பிடித்ததுதான். "விடுடி, அப்பா எழுதினது" என்று மாமியார் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அவள் இன்னும் கெட்டியாகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அட்டை அடியோடு பெயர்ந்து வந்தது. அதை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள். கறுப்பு மசி அவள் கன்னத்தில் ஈஷியது.

துறைத் தலைவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பதறி ஓடி வந்தாள். நான் சீட்டைப் பிடுங்கவில்லை. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. மசி நிற்கிற நேரம்தான். போய் இன்னொரு அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன்.